இலை கொட்டும் ஃபைகஸைத் தூக்கிப் போடும் முன்

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டு ஃபைகஸ் (ஆல், அரசு வகையைச் சேர்ந்த தொட்டிச் செடி) இலை கொட்டினாலும் அந்தத் தொட்டி எங்கள் வாசலுக்கு வந்துவிடும். "அக்கா, இது போயிடுச்சு போல, நீங்க வேணா வெச்சுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். அப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை சாகவே இல்லை. இடம் மாறியதில் இலையை உதிர்த்திருக்கும், அவ்வளவுதான். பட்டைக்கு அடியில் பச்சை அப்படியே இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல செடிகளைக் குப்பை வண்டியில் ஏற்றுகிறார்களே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது தாம்பரத்தில், மூன்றாவது மாடி. கிழக்குப் பார்த்த பால்கனி, போர் தண்ணீர். கீழே சொல்லும் தண்ணீர்க் கணக்கும் பருவக் கணக்கும் சென்னைக்குச் சரியாக இருக்கும். பெங்களூரிலோ ஊட்டியிலோ இருப்பவர்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பது எது?

ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாமே ஃபைகஸ் பேரினம்தான். உலகில் 800க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. நர்சரியில் எதைக் கேட்டாலும் பொதுவாக "ஃபைகஸ்" என்றுதான் சொல்வார்கள். வளர்ப்பு முறை இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும் என்பதால் முதலில் பெயரைக் கண்டுபிடித்துவிடுவது நல்லது.

ஃபைகஸ்தானா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். ஒரு இலையைக் காம்போடு கிள்ளுங்கள். வெள்ளைப் பால் வர வேண்டும். பால் மட்டும் போதாது, எருக்கிலும் கள்ளியிலும்கூடப் பால் வரும். அதனால் அடுத்து கிளை நுனியைப் பாருங்கள். புதுக் கொழுந்தைக் கூர்மையான ஒரு உறை மூடியிருக்கும். கொழுந்து விரிந்ததும் அந்த உறை உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் தண்டைச் சுற்றி மெல்லிய வளையம் நிற்கும். ஒவ்வொரு கணுவிலும் இந்த வளையத்தைப் பார்க்கலாம். பாலும் வளையமும் சேர்ந்து இருந்தால் அது ஃபைகஸ். (பலாவுக்கும் இரண்டும் உண்டு, அதுவும் இதே குடும்பம். ஆனால் பலாவை யாரும் ஃபைகஸ் என்று விற்கப் போவதில்லை.)

நம் வீடுகளில் அதிகம் இருப்பவை இரண்டு. ஒன்று பெஞ்சமினா, இன்னொன்று மைக்ரோகார்பா. குழப்பமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பெஞ்சமினாவின் கிளை நுனிகள் கீழ்நோக்கித் தொங்கும். இலை மெல்லியது, பளபளப்பானது, ஓரம் லேசாக அலை அலையாக இருக்கும். நுனி நன்றாகக் கூர்ந்து வாலாக நீளும். பக்க நரம்புகள் நெருக்கமாக, மிக மெல்லியதாக ஓடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். மூன்று நான்கு தண்டுகளைச் சடையாகப் பின்னி விற்கிறார்களே, அது பெரும்பாலும் இதுதான். வெள்ளை ஓரம் போட்ட ஸ்டார்லைட் வகையும் இதில் சேர்ந்தது. பாங்காக் நகரத்தின் அடையாள மரமாக இருப்பதும் பெஞ்சமினாதான்.

மைக்ரோகார்பா நம்மூர் இச்சி. இலை தடிப்பு, சின்னது, நுனி மழுங்கலாகவோ சிறு கூராகவோ முடியும், வால் கிடையாது. கிளைகள் தொங்காமல் நிமிர்ந்து நிற்கும். பக்க நரம்புகள் குறைவு, அடியில் உள்ள முதல் ஜோடி மட்டும் சாய்வாக மேலே ஏறும். உருண்டை இலையோடு வரும் பாண்டா, அடிவேர் பருத்து வெளியே தெரியும் ஜின்செங் பான்சாய் எல்லாம் இதன் வகைகள். ஜின்செங் வாங்கியவர்களுக்கு ஒரு விஷயம்: பருத்த அடியில் வேறு சிறு இலை வகையை ஒட்டுக்கட்டித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். ஒட்டுக்குக் கீழே, அந்தப் பருத்த பாகத்திலிருந்து துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் அது சத்தை இழுத்துக்கொண்டு மேலே இருப்பதை ஒடுக்கிவிடும்.

மற்றவற்றில் அதிகக் குழப்பம் இல்லை. தடித்த பெரிய இலை, சிவப்பு உறைக்குள் கொழுந்து என்றால் ரப்பர் செடி, அதாவது எலாஸ்டிகா. மேகாலயாவில் காசி பழங்குடி மக்கள் ஆற்றின் குறுக்கே உயிருள்ள வேர்களை வளர்த்துப் பாலமாக்குவது இந்த மரத்தின் வேர்களைத்தான். டயருக்குப் பால் தரும் ரப்பர் மரம் வேறு. வயலின் வடிவத்தில் பெரிய இலை இருந்தால் லைராட்டா. மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டிலிருந்து வந்தது, இந்தக் கூட்டத்தில் இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மாவிலையைவிட ஒடுங்கி நீண்டு தொங்கும் இலை என்றால் நர்சரிக்காரர்கள் லாங்கிஃபோலியா என்று விற்பது. இலையின் அடி சுருண்டு கிண்ணமாக இருந்தால் கிருஷ்ண ஆல்.

பால்கனி ஓரத்திலோ மழைநீர்க் குழாய் மூலையிலோ தானாக முளைத்த கன்று என்றால், பறவை போட்ட விதை. இதய வடிவ இலையில் நீண்ட வால் நுனியும், செம்பு நிறக் கொழுந்தும் இருந்தால் அரசு. இலை அகன்று, இளந்தண்டில் மென்மையான ரோமம் இருந்தால் ஆல். சுவரில் விட்டால் விரிசல் விழும். மழை பெய்து சுவர் ஊறியிருக்கும்போது வேரோடு மெதுவாக இழுத்து எடுத்துத் தொட்டியில் வையுங்கள். இவை காசு கொடுத்து வாங்கும் எந்த ஃபைகஸுக்கும் குறைந்தவை இல்லை. தொட்டியில் வேர் அடங்கிக் கவாத்தும் (கிளை வெட்டுதல்) செய்துவந்தால் இலையும் சிறுத்து அழகாக வரும்.

இலை ஏன் கொட்டுகிறது

பெஞ்சமினா இடம் மாறினால் இலையை உதிர்க்கும். இது அதன் சுபாவம். நர்சரியில் பச்சை நிழல் வலைக்கு அடியில் வளர்ந்திருக்கும். அங்கே கிடைத்த வெளிச்சத்துக்கு ஏற்ப இலைகளை உருவாக்கியிருக்கும். அதைக் கொண்டுவந்து ஹால் மூலையில் வைத்தால் வெளிச்சம் பல மடங்கு குறைகிறது. அவ்வளவு இலையைத் தாங்க முடியாமல் பழையதைக் கொட்டிவிட்டு, புது இடத்துக்கு ஏற்ற இலைகளை மெதுவாக விடும். இந்த இடைவெளி சில வாரங்கள் ஆகலாம். நாம் அதற்குள் பதறி பால்கனிக்கு மாற்றுவோம், மறுபடி உள்ளே கொண்டுவருவோம், உரம் போடுவோம், தொட்டியை மாற்றுவோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் செடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் நகர்த்தாதீர்கள். ஜன்னலிலிருந்து 3 அடிக்குள், பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம் வேண்டும். காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னல் மிக நல்லது. ஏ.சி. காற்று நேராகப் படும் இடமும், வாசல் கதவு அடிக்கடி திறந்து சூடான காற்று மோதும் இடமும் வேண்டாம். தொட்டியைத் திருப்புவதாக இருந்தால் மாதம் ஒருமுறை கால் வட்டம் திருப்புங்கள், போதும். மைக்ரோகார்பாவும் ரப்பர் செடியும் இவ்வளவு கோபித்துக்கொள்வதில்லை. இச்சிக்கு முழு வெயிலே பிடிக்கும். ஆனால் நிழலில் வளர்ந்த செடியைச் சித்திரை வெயிலில் ஒரே நாளில் தூக்கி வைத்தால் எதுவாக இருந்தாலும் இலை கருகும். முதலில் காலை வெயில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

உதிரும் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள், காரணம் அதிலேயே தெரியும். பச்சையாகவே கொட்டினால் இடமாற்றம், அல்லது மண் திடீரென்று வறண்டது. மஞ்சளாகி, மண்ணும் ஈரமாகவே இருந்தால் தண்ணீர் அதிகம். உட்பக்கத்து இலைகள் மட்டும் மஞ்சளானால் வெளிச்சம் போதவில்லை. ஓரம் மட்டும் பழுப்பாகிக் காய்ந்தால் உப்புத் தண்ணீராகவோ வறண்ட காற்றாகவோ இருக்கலாம்.

எல்லா இலையும் கொட்டி மொட்டையாக நிற்கிறதா? நகத்தால் ஒரு கிளை நுனியை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் அந்தக் கிளை உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் இன்னும் கீழே வந்து சுரண்டுங்கள். எங்கே பச்சை தென்படுகிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். அடித்தண்டு வரை பழுப்பாக இருந்தால்தான் செடி போய்விட்டது என்று அர்த்தம். சடை பின்னிய செடியில் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாகச் சுரண்ட வேண்டும், ஏனென்றால் அவை தனித்தனிச் செடிகள். ஒன்று செத்து மற்றவை பிழைத்திருப்பது சாதாரணம். பின்னலை இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பட்டை தண்டுக்குள் அழுந்தியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்து அறுத்துவிடுங்கள்.

பிழைத்த மொட்டைச் செடிக்கு இலை இல்லாததால் தண்ணீர் மிகக் குறைவாகவே செலவாகும். பழைய அளவில் ஊற்றினால் வேர் அழுகிவிடும். உரம் எதுவும் வேண்டாம். வெளிச்சமான இடத்தில் வைத்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். கணுக்களில் ஊசி முனையாகத் துளிர் வரும். புது இலைகள் விரிந்து தடித்த பிறகு உரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

தண்ணீர்

"வாரம் எத்தனை தடவை ஊத்தணும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கிழமைக் கணக்கு வைக்காதீர்கள். விரலை மண்ணில் ஒரு அங்குலம் இறக்குங்கள். அங்கே ஈரம் இருந்தால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வெளியேறும் வரை ஊற்றுங்கள். அரை டம்ளர் தெளித்துவிட்டுப் போவது மேல் மண்ணை மட்டும் நனைக்கும், அடிவேர் காயும். பால்கனியில் மே மாதம் தினமும் தேவைப்படலாம். ஐப்பசி மழையில் வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு வாரம் ஒருமுறைகூட அதிகம். கீழ்த்தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கொசு தொல்லையும் இருக்காது.

நர்சரி செடிகள் பல கோகோபீட்டில் (தேங்காய் நார்த் தூள்) வருகின்றன. அது ஒருமுறை முழுதாகக் காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விலகிவிடும். அப்புறம் ஊற்றும் தண்ணீரெல்லாம் அந்த இடுக்கு வழியாக ஓடி வெளியே வந்துவிடும்; நாம் நிறைய ஊற்றியதாக நினைப்போம், வேர் உலர்ந்தே இருக்கும். தொட்டியைத் தூக்கினால் லேசாக இருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கெட் தண்ணீரில் தொட்டியை அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்து, எடுத்து வடியவிடுங்கள்.

எங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். மண்ணின் மேலே வெள்ளைப் படிவம் வந்தால் மேல் மண்ணை அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுகிறேன். மழை பெய்தால் தொட்டிகளை வெளியே நனைய விட்டுவிடுவேன், சேர்ந்த உப்பெல்லாம் கரைந்து இறங்கிவிடும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, அதைச் சேர்த்து வைத்து ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

மண், தொட்டி, உரம்

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தண்ணீர் தேங்காமல் இறங்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்றினால் போதும். அடித்துளையில் வேர் எட்டிப் பார்ப்பதும், ஊற்றிய தண்ணீர் இறங்க நேரமாவதும் அடையாளங்கள். 10 அங்குலத் தொட்டியில் இருந்தால் 12 அங்குலத்துக்குப் போங்கள். ஒரேயடியாகப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலுக்கு வழி செய்யும். வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வேர்களை வெட்டிவிடுங்கள், கால் பங்கு வேர் போனாலும் ஃபைகஸ் தாங்கும். மேலே கிளையையும் அதே அளவுக்குக் குறையுங்கள். அக்னி நட்சத்திரம் முடிந்து ஜூன், ஜூலையில் இதைச் செய்வது என் வழக்கம். வெயில் உச்சத்தில் வேண்டாம்.

உரம் அதிகம் கேட்காது. வளரும் காலத்தில் மாதம் ஒரு பிடி மண்புழு உரம். பால்கனியில் தொட்டியை நேராகத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றி வையுங்கள். ஃபைகஸ் வேர் துளை வழியாக இறங்கி டைல்ஸ் இடுக்கைத் தேடிப் போகும்.

சுருண்ட இலையும் பிசுபிசுப்பும்

இச்சியிலும் பெஞ்சமினாவிலும் அடிக்கடி வருவது இலைப்பேன். புது இலைகள் நடுநரம்போடு மடிந்து, மடித்த வெற்றிலை மாதிரி மூடிக்கொள்ளும். மேலே செம்பழுப்புப் புள்ளிகள் இருக்கும். பிரித்துப் பார்த்தால் கறுப்பு நிறத்தில் மெல்லிய பூச்சிகளும், வெளிர் மஞ்சள் குஞ்சுகளும் ஓடும். மடிப்புக்குள்ளே இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அவற்றைத் தொடவே தொடாது. மடிந்த இலைகளை எல்லாம் கிள்ளி, பையில் போட்டு இறுகக் கட்டி வெளியேற்றுவதுதான் வழி. பிறகு புதுக் கொழுந்தில் வேப்பெண்ணெய் தெளிக்கலாம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கி, மாலையில். வாரம் ஒருமுறை, துளிர் சுத்தமாக வரும் வரை.

செடிக்குக் கீழே தரை பிசுபிசுத்தால் செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. தண்டில் பழுப்பு நிறத்தில் ஒட்டியிருக்கும் செதில்களை நகத்தால் நெம்பினால் வந்துவிடும். மாவுப்பூச்சியைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தெடுக்கலாம். எறும்பு வரிசையாக ஏறினால் அந்தப் பிசுபிசுப்புக்காகத்தான். பூச்சியைப் பாதுகாப்பதும் எறும்புதான் என்பதால் இரண்டையும் சேர்த்து ஒழிக்க வேண்டும்.

இலைக்காம்பின் அடியில் பட்டாணியைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகள் வந்தால் பயப்படாதீர்கள், அது நோய் இல்லை. அத்திக்காய் மாதிரியேதான், பூக்கள் அதற்கு உள்ளே இருக்கின்றன.

கவாத்து, போத்து, எச்சரிக்கை

கவாத்து செய்தால் செடி அடர்ந்து வரும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். ஸ்டார்லைட் வகையில் முழுப் பச்சை இலையோடு ஒரு கிளை வந்தால் அதை அடியோடு எடுத்துவிடுங்கள். அது வேகமாக வளர்ந்து வெள்ளை இலைகளை மூடிவிடும். வெட்டும்போது கீழே பழைய செய்தித்தாள் விரியுங்கள், பால் பட்ட துணியில் கறை போகாது. வெட்டிய பென்சில் கனக் கிளைகளை அரை அடி நீளத்துக்கு நறுக்கி, பாலைக் கழுவிவிட்டு மழைக்காலத்தில் ஊன்றினால் பெஞ்சமினாவும் இச்சியும் போத்திலிருந்தே வேர் விடும். ரப்பர் செடிக்கு விண்பதியம் (கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விடவைத்து வெட்டுவது) நிச்சயமான வழி.

அந்தப் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஃபைகஸும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்கள் வீட்டுக்குள் வைக்காமல் இருப்பது நல்லது. நாயும் பூனையும் இலையைக் கடித்தால் வாய் எரிச்சலும் வாந்தியும் வரும், எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையில் தூசி சேராமல் ஈரத் துணியால் துடைத்து வந்தால் வெளிச்சமும் நன்றாகக் கிடைக்கும். காற்றைச் சுத்தம் செய்யும் என்று நினைத்து வாங்க வேண்டாம். 1989இல் நாசா செய்த ஆய்வில் பெஞ்சமினாவும் இருந்தது உண்மை, ஆனால் அது மூடிய சிறு பெட்டிக்குள் நடந்த சோதனை. ஜன்னல் திறந்து மூடும் நம் வீட்டில் ஒன்றிரண்டு தொட்டிகளால் அந்த வேலை நடக்காது.

தொட்டிக்கு மேல் வளர்ந்துவிட்டது, வைக்க இடம் இல்லை என்று சிலர் காம்பவுண்ட் ஓரத்தில் நட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்த வேர் சம்ப்பையும் கழிவுநீர்க் குழாயையும் அஸ்திவாரத்தையும் தேடிப் போகும், சில வருடங்களில் வெட்ட வேண்டிய நிலை வரும். வேரையும் கிளையையும் வெட்டி அதே தொட்டியில் வையுங்கள். அப்படி முடியாவிட்டால் ஏரிக்கரையோ கோயில் நந்தவனமோ, கட்டடம் எதுவும் அருகில் இல்லாத இடமாகப் பார்த்து, அங்கே பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டு ஜூலை, ஆகஸ்டில் நடுங்கள். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும்.